சிவப்பு மை படாத ஒரு வருடம்

கரஸில் படிக்கிறவர்களுக்கு வருடம் என்பதே இரண்டு வகை. ஜூலையை ஒட்டிச் சேர்ந்தால் அகாடமிக் இயர், ஜனவரியை ஒட்டிச் சேர்ந்தால் காலண்டர் இயர். நான் காலண்டர் இயர், பி.ஏ. தமிழ். முதலாம் ஆண்டு முடிந்துவிட்டதாகப் பல்கலைக்கழக போர்ட்டல் பச்சை எழுத்தில் சொல்கிறது. அடுத்த வரியிலேயே இரண்டாம் ஆண்டுக் கட்டணம் நிலுவை என்று சிவப்பு எழுத்தில் சொல்கிறது. இந்த ஒரு வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகம் எனக்குச் சிவப்பில் எழுதிய ஒரே வாசகம் அதுதான்.

சமீபத்தில் எங்கள் ஸ்டடி சென்டர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்தது. பல்கலைக்கழகத்தின் ஓராண்டு முன்னேற்றமாம். முதல் பக்கத்தில் பெரியவர்கள் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். உள்ளே ஆன்லைன் சேர்க்கை, ஆன்லைன் கட்டணம், ஆன்லைன் ஹால் டிக்கெட், க்யூஆர் கோடு பதித்த மதிப்பெண் பட்டியல், மொபைல் ஆப், குறைதீர்க்கும் போர்ட்டல். எதையும் பொய் என்று சொல்லமாட்டேன். ஆப் இருக்கிறது, என் போனில் இடத்தை அடைத்துக்கொண்டு. க்யூஆர் கோடும் இருக்கிறது, ஸ்கேன் செய்தால் என் பெயர்கூட வருகிறது. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். மாணவர்கள் எழுதிக் கொடுத்ததை இந்த வருடம் இத்தனை ஆசிரியர்கள் படித்தார்கள், இங்கே சரி, இங்கே இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். இல்லை.

நான் தாராபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண். அதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பையன் பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு, விட்ட இடத்தில் தொடங்கலாம் என்று தோன்றியது. கடை முதலாளி நல்ல மனிதர்தான். ஆனாலும், "தமிழ் படிச்சு என்னங்க பண்றது, டி.பார்ம் முடிச்சா லைசென்ஸாவது உங்க பேர்ல எடுக்கலாம்" என்றார். அவர் கணக்கு அவருக்கு. எனக்குப் பதவி உயர்வும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. படிக்க ஆசை, அவ்வளவுதான். அப்படி வருகிறவளுக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடியது பாடம் ஒன்றுதானே? அதைத்தான் கேட்கிறேன்.

சேர்வதற்கு முன்பே ஐடிகள் தொடங்கிவிட்டன. ஆதாரை வைத்து டிஜிலாக்கர், டிஜிலாக்கரை வைத்து ஏபிசி ஐடி, ஏபிசி ஐடியை வைத்து டெப் ஐடி, அது கிடைத்தால்தான் விண்ணப்பம் திறக்கும். தொலைநிலைப் படிப்பில் சேர்கிறவர்களுக்கு இந்த டெப் ஐடியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் கட்டாயமாக்கியது. இதில் மானியக் குழுவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கீகாரமில்லாத இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, பட்டம் செல்லாது என்று பின்னால் கேட்டுக் கலங்கியவர்கள் இந்த நாட்டில் ஏராளம். தொலைநிலை வழியில் பொறியியல் பட்டம் கொடுத்த சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பழைய மாணவர்களின் பட்டங்களையே நிறுத்திவைத்தது. வேலையில் பல வருடம் ஓட்டியவர்கள் மறுபடி தேர்வெழுதித் தேற வேண்டியதாயிற்று. அதனால் ஐடி கேட்கட்டும், இரண்டு ஐடி கேட்கட்டும்.

ஆனால் அந்த ஐடிகளை யோசித்தவர்கள் தமிழ்நாட்டில் ஒரு கல்யாணமான பெண்ணின் இனிஷியலை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். என் +2 மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் இனிஷியல், பெயருக்கு முன்னால். ஆதாரில் வீட்டுக்காரர் பெயர், முழுதாக, பெயருக்குப் பின்னால். போர்ட்டலில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள். எங்கள் தெருவில் யாருக்குங்க கடைசிப் பெயர் இருக்கிறது? பிரவுசிங் சென்டர் தம்பி அலுத்துக்கொண்டான்.

"நேம் மிஸ்மேட்ச் வருதுங்க்கா."

"பேரு எப்படி இருந்தாலும் ஆள் ஒண்ணுதானே தம்பி?"

"எனக்குத் தெரியுதுங்க்கா. சர்வர் ஒத்துக்க மாட்டேங்குது."

ஆதாரில் பழைய இனிஷியலுக்கே திரும்பினேன். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து நான் மறுபடி எங்கப்பா பெண்ணானேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டார், மாமியார் சிரிக்கவில்லை. ரேஷன் கார்டிலும் பேங்க் பாஸ்புக்கிலும் இப்போது நான் வேறு ஆள். அந்தத் தலைவலி தனி.

பாடப்புத்தகக் கட்டு வந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பிரித்து மோந்துகூடப் பார்த்தேன். இலக்கிய வரலாறும் நன்னூல் எழுத்ததிகாரமும் இருந்தன. ஆங்கிலப் புத்தகம் இல்லை. கேட்டால், "பிடிஎஃப் போட்டிருக்கோம், டவுன்லோட் பண்ணிக்கங்க". சுற்றுச்சூழல் புத்தகம் பழைய பாடத்திட்டத்தில் அச்சடித்தது, புதியது போர்ட்டலில். மெட்டீரியலுக்கென்று கட்டிய தொகை ஒருபக்கம் இருக்க, ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று மறுபடியும் கொடுத்தேன். போன் திரையில் படிக்கலாமே என்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல், பில் போட்டுப் போட்டு எரிகிற கண்ணை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கட்டும்.

இந்தப் புத்தகங்களுக்கு 'தற்கற்றல் பாடநூல்' என்று பெயர். தானாகவே விளங்க வேண்டும், வேறு புத்தகத்தைத் தேடவிடாமல் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும், படிக்கிறவர் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளவும் இடம் தர வேண்டும் என்று விதிமுறை இலக்கணம் சொல்கிறது. அழகான இலக்கணம். தானே, தானே, தானே. விளக்குவதும் நானே, மதிப்பிடுவதும் நானே என்றால் கட்டணத்தையும் எனக்கே கட்டிக்கொண்டிருப்பேனே.

இன்னொரு கணக்கும் உண்டு. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 30 மணி நேர உழைப்பு. வருடத்துக்கு 40 கிரெடிட் என்று குறைத்தே வைத்தாலும் 1,200 மணி நேரம். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதையும் கழிக்காமல் வகுத்தால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்த மூன்று மணி நேரத்தை எங்கெல்லாமோ சேர்த்தேன். மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்கிற நேரம், பையன் டியூஷன் முடிந்து வரும்வரை, பாத்திரம் கழுவியபிறகு. என் பங்கு 1,200 மணி நேரத்துக்கு நான் கணக்குக் காட்டத் தயார். எனக்காக அவர்கள் செலவழித்த மணி நேரம் எத்தனை என்று ஒரு கட்டம் போட்டு அவர்களும் காட்டட்டும்.

சந்தேகம் என்று ஒன்று வரத்தானே செய்யும்? குற்றியலுகரத்தில் எனக்கு ஒரு சின்ன முடிச்சு விழுந்தது. 'ஆறு' நெடில்தொடர்க் குற்றியலுகரம், சரி. 'வரலாறு' என்ற சொல்லிலும் கடைசி எழுத்துக்கு முன்னால் 'லா' என்று நெடில்தானே நிற்கிறது, அது என்ன தொடர்? புத்தகத்தில் எடுத்துக்காட்டு இருந்தது, விளக்கம் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். கட்டணம் சம்பந்தமாக என்றால் ஒன்று, தேர்வு சம்பந்தமாக என்றால் இரண்டு, சான்றிதழ் சம்பந்தமாக என்றால் மூன்று. பாடத்துக்கு எண் இல்லை. சரி என்று இரண்டை அமுக்கினேன். பாவம், அந்தப் பெண் பதறிவிட்டாள். "சப்ஜெக்ட் டவுட்டுங்களா மேடம்? இங்க யாரும் அப்படிக் கேட்டதில்லையே" என்று யாரையோ கேட்டுவிட்டு வந்து, மெயில் போடச் சொன்னாள். போட்டேன். தங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு முக்கியம் என்று தானாக ஒரு பதில் வந்தது, அந்த முக்கியத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

கடைசியில் பையனின் பள்ளிக்கூட வாசலில் அவனுடைய தமிழய்யாவைப் பிடித்துக் கேட்டேன். வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ரெண்டே எழுத்துச் சொல்லா இருந்து முதல் எழுத்து நெடிலா வந்தாத்தாம்மா நெடில்தொடர். இது நாலு எழுத்து. 'லா'வுக்குள்ள இருக்கற ஆ-ங்கிற உயிரைத் தொடர்ந்து வருது, அதனால உயிர்த்தொடர்." அரை நிமிடம்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவருக்கும் என் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நேர்முக வகுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில். முட்டி இடிக்க உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஒரு அங்கன்வாடி டீச்சர், முன் பெஞ்சில் கண்டக்டர் ஒருத்தர், கடைசியில் மில் வேலைக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். வந்த ஆசிரியர் அருமையாகப் பேசக்கூடியவர், அது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. சங்க இலக்கியத்தில் வாயில் மறுத்தல் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்ததும் கண்டக்டர் அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் உள்ளே வந்து, "சார், ஜியோடேக் போட்டோ" என்றார். எல்லோரும் முன்னால் நெருக்கி உட்கார வேண்டும், பேனர் தெரிய வேண்டும், போர்டில் தேதி எழுதியிருக்க வேண்டும். இடமும் நேரமும் படத்தில் பதிய வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். ஜிபிஎஸ் கிடைக்காமல் ஜன்னல் பக்கம் ஒரு தடவை, வராந்தாவில் ஒரு தடவை. படம் எடுத்து முடிந்ததும் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு, முக்கியமான கேள்விகளை மட்டும் குறிச்சுக்கங்க." தலைவி வாயில் மறுத்தாளா இல்லையா என்பது அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஆய்வுக்கும் காரணம் உண்டு. தொலைநிலைப் படிப்பு நடத்த வேண்டுமென்றால் நாக் மதிப்பெண் நான்குக்கு 3.01 வேண்டும், இல்லையென்றால் தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வர வேண்டும் என்று 2020 விதிமுறைகள் சொல்கின்றன. தரம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. ஆனால் வகுப்பு நடந்ததற்கான அத்தாட்சியைச் சேகரிப்பதில் வகுப்பே கரைந்துபோனால், அந்த 3.01இல் எந்தப் பங்கு எங்களுடையது?

தபாலில் பாடம் நடத்துவதன் ஆதியைத் தேடிப் போனால் ஐசக் பிட்மன் வருகிறார். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் இன்றைக்கும் பெயர் ஒலிக்கிற அதே சுருக்கெழுத்துப் பிட்மன். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு எங்கும் கடிதம் போகும் என்று ஆனதும், சின்ன அட்டைகளில் சுருக்கெழுத்துப் பாடத்தை அனுப்பினார். மாணவர்கள் எழுதித் திருப்பி அனுப்பினார்கள், அவர் திருத்தி மறுபடி அனுப்பினார். அந்த மூன்றாவது நடை இருந்ததால்தான் அது பாடம். முதல் நடை மட்டும் என்றால் அதற்கு விளம்பரத் துண்டறிக்கை போதும்.

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. எங்கள் பெரியப்பா அஞ்சல்வழியில் எம்.ஏ. படித்தவர், எழுபதுகளின் கடைசியில். ரெஸ்பான்ஸ் ஷீட் என்பார். எழுதி அனுப்பினால் திரும்பி வருமாம். ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஓரத்தில் சிவப்பு மையில், பொடி எழுத்தில்: 'கருத்து சரி. சான்று எங்கே?' நான்கே சொல். அந்த நான்கு சொல்லை எழுதியவர் யாரென்று பெரியப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு சான்று இல்லாமல் எதையும் எழுதியதில்லை என்கிறார். ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போடுகிற மனுவில்கூடத் தேதியும் பக்க எண்ணும் இருக்கும்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1969இல் அரச சாசனம் கிடைத்தது, 1971 ஜனவரியில் மாணவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். முன்படிப்பு எதுவும் கேட்காமல் சேர்த்தார்கள். பிபிசியில் பாடம் ஒளிபரப்பினார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்கிப் பிடித்தது என்னவோ ஒவ்வொரு மாணவரும் எழுதி அனுப்புகிற பயிற்சியை ஒரு டியூட்டர் திருத்தி, குறிப்பெழுதித் திருப்புகிற ஏற்பாடு. ராத்திரி ஒளிபரப்பு 2006இல் நின்றது. டியூட்டர் திருத்துவது நிற்கவில்லை. டிவி இல்லாமலும் தொலைநிலைக் கல்வி நடக்கும், திருத்துகிற ஆள் இல்லாமல் நடக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் அசைன்மென்ட் கதைக்கு வருகிறேன். நூற்றுக்கு 30 அகமதிப்பீடு, 70 தேர்வு. அந்த முப்பதுக்காக ஏ4 தாளில், கையால், ஓரத்தில் கோடு போட்டு எழுத வேண்டும். சிலப்பதிகாரப் பெண் பாத்திரங்கள் பற்றி ஒரு கேள்வி வந்தது. நான் மாதவியின் கடிதங்களைப் பற்றி எழுதினேன். மாதவி இரண்டு கடிதம் எழுதுகிறாள். முதலாவதை வசந்தமாலை கொண்டுபோகிறாள், கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவது, மதுரையை நெருங்கும் வழியில் கோசிகன் கையில் வந்து சேர்கிறது. அதை வாசித்தபின்தான் அவள்மேல் குற்றமில்லை என்று தெளிகிறான். தெளிந்தவன் அந்த ஓலையையே தன் தாய் தந்தையரிடம் சேர்த்துவிடச் சொல்லி அனுப்புகிறான், அவர்களுக்கும் அதே சொற்கள் பொருந்தும் என்று. ஒருத்தி தன் மன்னிப்புக்காக எழுதியதை இவன் தன் மன்னிப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். அவளுக்கு என்று ஒரு பதில்கூட எழுதவில்லையே, இதை இளங்கோ கோவலனின் பெருந்தன்மையாகக் காட்டுகிறாரா, இல்லை அவன் சுபாவம் கடைசிவரை மாறவில்லை என்று காட்டுகிறாரா? நான் இரண்டாவது பக்கம் சாய்ந்து எழுதினேன். மத்தியான நேரமெல்லாம் அதில்தான் போனது. ஒரு கிழவர் சர்க்கரை மாத்திரை கேட்டு இரண்டு தடவை குரல் கொடுத்தது எனக்குக் கேட்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் அதே அசைன்மென்ட் எழுதியே விற்கிறார்கள். 'அனைத்துப் பாட அசைன்மென்ட்களும் கிடைக்கும்' என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள், மறைவெல்லாம் இல்லை. பெயரும் பதிவெண்ணும் எழுதிக்கொண்டால் போதும். எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கேதான் வாங்கினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இரவு டூட்டி முடித்து வருகிற நர்ஸம்மா, யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றை எதற்குக் கை வலிக்க எழுத வேண்டும்? மதிப்பெண் வந்தது. எழுதியவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் ஒரே மதிப்பெண், முப்பதுக்கு 25. மாதவிக்கும் 25, ஜெராக்ஸுக்கும் 25.

தாள் திரும்பி வருமா என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்கணும் சார்."

"யாரு?"

அந்த 'யாரு'வுக்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் கெட்டவர் இல்லை. தனியார் கல்லூரியில் வேலை, இது கூடுதல் பொறுப்பு. திருத்துவதற்கான தொகை இன்னும் வரவில்லை, வந்தாலும் ஆசிரியர்களுக்கு டீச்செலவுக்குத்தான் ஆகும் என்றார். பல வருடங்களாக அஞ்சல்வழிக் கட்டணம்தான் பல பல்கலைக்கழகங்களின் மற்றச் செலவுகளுக்கும் ஊற்றாக இருந்தது, இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் பணத்தில் அங்கே கட்டடம் எழும்பட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதில் ஒரு பேனாவுக்கு மட்டும் சிவப்பு மை வாங்கக்கூடாதா?

தேர்வைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. தேதி தள்ளிப்போனது. மறுபடி முன்னால் வந்தது. ஹால் டிக்கெட் முந்தின நாள் இரவுதான் இறங்கியது. மையம் பக்கத்து மாவட்டத்தில். ஆனால் அந்த வாசலில் நின்ற கூட்டத்தை அந்தக் குத்துவிளக்குப் பெரியவர்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும். யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்த போலீஸ்காரர், கைப்பையில் டிபன் பாக்ஸோடு சத்துணவு அமைப்பாளர், மகள் பி.காமுக்கும் அம்மா பி.ஏ.வுக்கும் என்று ஒரே ஸ்கூட்டியில் வந்தவர்கள். வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உள்ளே மருமகள் தேர்வெழுதிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதால் பால் கொடுக்க வெளியே விடுவார்களா என்று மருமகள் கேட்டதற்கு, "ரூல்ஸ்ல இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கண்காணிப்பாளரம்மாவே கூட்டிக்கொண்டு போனார். என் வருடத்தில் விதியை மீறிய ஒரே அதிகாரி அவர்தான், நன்றாக இருக்கட்டும். ஊர் உலகத்தில் படிப்பின்மேல் இத்தனை பேருக்கு இத்தனை பசி இருப்பதை அங்கேதான் பார்த்தேன். ரெகுலர் கல்லூரி வாசலில் அது இந்த அளவு தெரியாது.

முடிவு வந்தபோது இலக்கிய வரலாற்றில் எனக்கு 'ஆப்சென்ட்'. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கூடுதல் தாள் வாங்கி, நூல் கட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எழுதிய தாள். குறைதீர்க்கும் போர்ட்டலில் புகார் கொடுத்தேன். அன்று மாலையே 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. திறந்து பார்த்தால் ஆப்சென்ட் அப்படியே இருந்தது. தீர்ந்தது புகார், குறை இல்லை. நேரில் போனால் தபால் செக்‌ஷனில் கொடுக்கச் சொன்னார்கள், தபால் செக்‌ஷனில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே ஸ்டடி சென்டர் வழியாக வர வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒருநாள் சம்பளம் போனது. வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்காகத்தான் இந்தப் படிப்பே என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஆப்சென்ட் போய் அந்த இடத்தில் 61 வந்து உட்கார்ந்தது. எப்படிப் போனது, எப்படி வந்தது என்று ஒரு விளக்கமும் கிடையாது. மற்றவர்கள் வாழ்த்தினார்கள். நான் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தேன், மறுபடி மாறிவிட்டால்?

தொலைநிலையில் வாங்குகிற பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. அதற்கப்புறமும் "கரஸா?" என்று கேட்கும்போது ஜனங்கள் உதட்டை இழுப்பது நிற்கவில்லை. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது அந்த இழுப்பில் பாதி நியாயம் இருக்கிறதோ என்று படுகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். ரெகுலரில் படிக்கிற பிள்ளை தப்பாக எழுதினால் வகுப்பில் நாலு பேர் முன்னால் வாத்தியாரிடம் திட்டு வாங்கும். எனக்கு அந்தத் திட்டுக்குக்கூடக் கொடுப்பினை இல்லை. காகிதத்தில் சமம் என்று எழுதிவிட்டார்கள், காகிதத்தை யாரும் படிக்கவில்லை என்றால் எப்படிச் சமமாகும்?

இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை அபராதத்தோடு கட்டிவிட்டேன். விடப் போவதில்லை. கட்டணம் கட்டியதும் ரசீது இறங்காமல் ஒரு கருத்துப் படிவம் குறுக்கே வந்தது, நிரப்பினால்தான் வழிவிடுமாம். 'உங்கள் ஒப்படைப்புகளுக்கு ஆசிரியர் அளித்த பின்னூட்டம் எவ்வாறு இருந்தது?' மிக நன்று, நன்று, திருப்தி என்று மூன்றே கட்டம். பின்னூட்டமே வரவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. திருப்தியில் டிக் அடித்து ரசீதை இறக்கிக்கொண்டேன்.

இந்த வருட அசைன்மென்ட் கேள்விகள் வந்துவிட்டன. இம்முறை தாள்களோடு என் முகவரி எழுதி, எடைக்குத் தகுந்த ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்றையும் வைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். சரியோ தப்போ, ஒரு வரி எழுதி அதில் போட்டால் போதும். மாதவியைப் பற்றிய என் கட்சி தப்பு என்று எழுதினாலும் சந்தோஷம்தான். ஸ்டடி சென்டரில் தாள்களை வாங்கிவைக்கிற பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கவரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வருஷத்துல இருந்து எல்லாம் ஸ்கேன் பண்ணி அப்லோடுங்க்கா. கவருக்கு அதுல ஆப்ஷன் இல்லீங்களே."